கிறிஸ்தவ சபைகளின் தொண்டும் சைவர் கடனும்

செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும், அதற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட வல்லம் பகுதியிலும், சைவர் நால்வர் கூடுமிடந்தோறும் ஒரு முறையீடு கேட்கப்படுகின்றது. கிறிஸ்தவ சபையார் பிணியாளரை வீடுதேடிச் சென்று காண்கின்றனர். மாலைப்பொழுதிற் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடஞ் சொல்லித் தருகின்றனர். சாவு நேர்ந்த வீட்டில் உடனிருந்து ஆறுதல் கூறுகின்றனர். கைம்பெண்டிர்க்கும் முதியோர்க்கும் அரிசியும் துணியும் கொடுக்கின்றனர். இவையெல்லாம் தூண்டிலிற் கோத்த இரையேயன்றித் தருமம் ஆகா என்பதே அம்முறையீடு. இதனைச் சொல்லிப் பெருமூச்செறிந்து எழுந்து போவார், தாம் சைவத்திற்கு ஆற்றவேண்டிய கடனை ஆற்றிமுடித்தாராகவே எண்ணுகின்றனர். அவ்வுவமை பொருந்துமா என்பதும், பொருந்துமாயின் அதனைச் சொல்லிக்கொண்டிருத்தலாற் சைவத்திற்கு ஆவது யாது என்பதும் ஆராயற்பாலன.

செஞ்சிக்குக் கிறிஸ்தவ சமயம் நேற்று வந்ததன்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1597ஆம் ஆண்டளவில், ஏசு சபையைச் சார்ந்த பிமெந்தா என்னும் பாதிரியார் இந்நாட்டிற்கு வந்தார். செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கன் அவரை மதித்து வரவேற்று, வெள்ளாற்று முகத்துவாரத்தில் தான் அமைத்த பட்டினத்திற் கிறிஸ்தவக் கோயில் எழுப்ப இசைவளித்தான். அவ்வரசனே தில்லைத் திருக்கோயிலிற் கோவிந்தராசர் சந்நிதியை விரிவுசெய்யப் புகுந்தான். தீட்சிதர்கள் தடுத்தும் அவன் கேளாமையால், அவருட் பலர் கோபுரத்தின் மேலேறி வீழ்ந்து உயிர்துறந்தனர். இச்செய்தியை எழுதிவைத்தவர் அப்பாதிரியாரே. அன்று தில்லையிற் சைவர்க்கு நேர்ந்த இடர் பாதிரியாரால் நேர்ந்ததன்று. அதற்குச் சான்றாய் நின்றவர் அவர். எல்லா இடருக்கும் புறச்சமயத்தாரையே காரணமாகக் காட்டும் வழக்கமுடையார் இவ்வொன்றையேனும் நினைவிற் கொள்வாராக.

இனித் தூண்டில் என்னும் உவமையை எடுத்துக்கொள்வோர் திண்டிவனத்து நிகழ்ச்சி ஒன்றனுக்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர். அமெரிக்க நாட்டுச் சீர்திருத்த சபையார் 1853ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு மிஷன் என்பதனை நிறுவினர். அதன் மருத்துவப் பாதிரியாருள் ஒருவராகிய ஜான் ஸ்கட்டர் 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் இருந்தார். அவர் மகளார் ஐடா ஸ்கட்டர், 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்து அமெரிக்காவிற் கல்விகற்று, நோயுற்ற தாயாரைப் பேணுதற்பொருட்டே திரும்பி வந்திருந்தார். மிஷன் ஊழியத்தில் அவர்க்கு விருப்பம் இருந்ததில்லை. ஓரிரவில் ஒருவர்பின் ஒருவராக மூவர் வந்து அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர்; ஒருவர் முஸ்லிம்; மற்றொருவர் உயர்ந்த சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையிற் கிடந்து உயிருக்கு மன்றாடினர். மருத்துவராகிய தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு அப்பெண் வேண்டினார். அயலான் ஒருவன் தம் இல்லத்து மாதரைத் தீண்டுதல் கூடாதென மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபட்டனர்.

அன்றிரவு அவ்வீட்டினின்றும் எவர்க்கும் எதுவும் கொடுக்கப்படவில்லை. மருத்துவம் கல்லாத அவ்விளம்பெண்ணிடத்துக் கொடுத்தற்கு ஒன்றும் இல்லை. இல்லாமையே அவர் நெஞ்சை அறுத்தது. இரையிட்டு மீன்பிடிப்பான் ஒருவன், இரையில்லாது கழிந்த இரவை எண்ணி வருந்துதல் கூடும்; மீன் இறந்ததே என்று தன் வாழ்நாளையே மாற்றிக்கொண்டான் என்று கேட்டதுண்டோ? ஐடா அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று, 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்து, தந்தையார் வீட்டில் ஓர் அறையிலேயே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளையுடைய மருத்துவமனை எழுந்தது. 1909இற் செவிலியர் பள்ளியும், 1918இற் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. ஆடவர்க்கு அங்கே இடந்தந்தது 1947இலேதான். இக்கட்டடங்களினும் கருதத்தக்கது பிறிதொன்று உளது. அவர் மருத்துவமனையில் அமர்ந்து வருவாரை எதிர்நோக்கியதோடு அமையாமல், முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் ஊரூராகச் சென்று, சாலையோரத்து மரநிழலிற் புண்ணைக் கழுவி மருந்திட்டார். 1960இல் அம்மையார் மறைந்தார். இன்று செஞ்சி வட்டத்திலிருந்து திருநீற்று நெற்றியோடு வேலூருக்குச் செல்லும் நோயாளர் பலர். சென்று திரும்பியபின் தூண்டிலைப்பற்றிப் பேசுவோரும் அவருட் சிலர்.

நள்ளிரவிற் கதவு தட்டப்படுதல் சைவர்க்குப் புதிய செய்தியன்று. மழை பெய்யும் இருளில் வந்து நின்ற அடியார்க்கு உணவிட ஒன்றுமில்லாத இளையான்குடிமாற நாயனார், அன்று பகலில் விதைத்த நெல்லை வயலிற் சென்று தடவிப் பொறுக்கிக் கூடையில் வாரிவந்தார். விறகின்மையால் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துக் கொடுத்தார். சேக்கிழார் பெருமான் இதனை விரித்துரைத்தது, சைவர் குருபூசை நாளில் ஒருமுறை கேட்டுக் கண்ணீர் உகுத்து வீடு செல்லுதற்பொருட்டு அன்று. விதைநெல்லை உண்டபின் அடுத்த ஆண்டிற்கு வழி யாது என்று நாயனார் வினவவில்லை. இன்றோ, ஊரில் ஒருவன் இரவிற் பாம்பு தீண்டிக் கிடக்கின்றான் எனின், அவனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வண்டி தருவார் யார் என்று எண்ணுங்கால், முதலிற் சபைப் போதகரின் பெயர் நினைவுக்கு வருமாயின், அது போதகரது சூழ்ச்சி ஆகாது.

அற்றன்று, நாயனார் உணவிட்டது சிவனடியார்க்கு, கண்டவர்க்கெல்லாம் இடுதல் சைவர்க்கு விதிக்கப்பட்டதன்று எனச் சாத்திரம் வல்லார் சிலர் மறுப்பர். அவர் திங்களூர் அப்பூதியடிகளை மறந்தார் போலும். திருநாவுக்கரசரின் திருப்பெயரால் அவர் வைத்த தண்ணீர்ப் பந்தல் பெருவழியில் இருந்தது. வெயிலில் நாவறண்டு வந்தவன் எச்சமயத்தான் என்று அங்கே வினவி நீர் வார்த்தார் இலர். பின்னும், சிவஞான சித்தியார் பன்னிரண்டாஞ் சூத்திரம் இறைவனிடத்து அன்பையும் அடியார் மாட்டு அன்பையும் பிறவுயிர்களின் மாட்டு அன்பையும் ஒன்றினின்று ஒன்றைப் பிரிக்கவொண்ணாதவாறு பிணித்து வைத்திருக்கின்றது. முதலிரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதை அறுத்தெறிதற்கு ஆசிரியர் எவர்க்கும் உரிமை தந்திலர்.

இவரினும் நுண்ணியராய் வாதிப்பார் வேறு சிலர் உளர். வைத்தியசாலை வைத்தலும் கஞ்சி வார்த்தலும் பசுபுண்ணியம். அவை போகத்தைத் தந்து கழிந்தொழியும். சைவன் செய்யத்தக்கது சிவபுண்ணியமே. ஆதலாற் பாதிரிமார் செய்வதைச் செய்யாமை சைவர்க்குக் குறையன்று என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு இது சித்தாந்தம் போலத் தோன்றும், சித்தாந்தம் அன்று. சிவபுண்ணியம் பசுபுண்ணியம் என்னும் பாகுபாடு செய்வானது கருத்தின்பாற் பட்டது. ஒருவன் தன் பெயர் விளங்குதற்பொருட்டுத் திருக்கோபுரம் கட்டினும் அது பசுபுண்ணியமாதல் கூடும். ஒருவன் சிவனை முன்னிட்டு, யான் எனது என்பதின்றி, நோயாளியின் மலம் எடுப்பினும் அது சிவபுண்ணியமாகத் தடையில்லை. நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள் என்பவற்றோடு ஆன்மாவையும் இறைவனது திருமேனியாக வைத்து அட்டமூர்த்தம் என்று ஓதுபவர் சைவர். ஏழு திருமேனிகளுக்கு வழிபாடு செய்து, எட்டாவது திருமேனி காய்ச்சலிற் கிடக்கும்போது அதனைப் பசு என்று தள்ளி நடப்பது எந்த ஆகமத்து விதி? பசுபுண்ணியத்தை விடுத்துச் சிவபுண்ணியத்திற் புக்கவரைக் காண்டல் அரிது. பசுபுண்ணியம் என்று விடுத்து, விடுத்தலையே புண்ணியமாகக் கொண்டு உறங்குவாரோ ஊர்தோறும் உளர்.

நோயைத் தீர்த்துச் சமயத்திற் சேர்த்தல் வஞ்சகம் என்பதும் சைவர் வாயில் வரத்தகாத சொல்லாகும். செஞ்சிநாட்டிற் தளவானூர்க் குன்றைக் குடைந்து சிவபெருமானுக்குக் கோயில் எடுத்த மகேந்திரவர்மனைச் சைவனாக்கியவர் திருநாவுக்கரசர் என்பது வழிவழிவந்த கொள்கை. அத்திருநாவுக்கரசரைச் சைவத்திற்கு மீட்டது எது? சூலைநோய். பாழியிற் கிடந்து துடித்தவர் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்தார், தமக்கையார் திலகவதியார் திருநீறு தந்து திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார், நோய் நீங்கிற்று. மதுரையிற் பாண்டியனைப் பற்றிய வெப்புநோயும் திருஞானசம்பந்தர் திருநீற்றினாலே தணிந்தது. நாடும் அவன் பின்னே சைவத்திற்குத் திரும்பிற்று. இவற்றைத் திருவருட் செயலெனக் கொண்டாடும் வாயாலேயே, பிறர் பிணிதீர்த்து அழைப்பதை இழிவென்று கூறின், கேட்பவர் நகையாரோ?

ஆயின் வேறுபாடு இல்லையோ எனின், உண்டு; அது கூர்ந்து காணத்தக்கது. திலகவதியார் தம்பியார்க்கு நீறளிக்குமுன் நிபந்தனை ஒன்றும் விதித்திலர். மதுரையிலும், நோய் தீர்த்தார் பக்கஞ் சேர்வல் என்று முன்வந்து சொன்னவன் வேந்தனேயன்றிப் பிள்ளையார் விலைபேசினார் அல்லர். பிணியாளன் கையறுநிலையிற் கிடப்பவன். அவனிடத்து முதலில் வாக்குறுதி வாங்கிக்கொண்டு பின்னர் மருந்தளிப்பது வாணிகம். அதனை எச்சமயத்தார் செய்யினும் குற்றமே. பஞ்சகாலத்தில் இக்குற்றம் கிறிஸ்தவ சபைகளிற் சில இடங்களில் நேர்ந்ததென்று அச்சபையாருள்ளேயே வருந்தியவர் இருந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திற் கூட்டங்கூட்டமாக மக்கள் திருச்சபைகளிற் சேர்ந்தபோது, சோற்றின்பொருட்டு வந்தவரை ஞானஸ்நானத்திற்கு ஏற்றல் தகுமோ என்று பாதிரிமார் பலர் ஐயுற்றனர். அவர்க்கே உண்டாகிய அவ்வையத்தைச் சைவர் எடுத்துக்காட்டலாம். எடுத்துக்காட்டிய பின்னர், அப்பஞ்சத்திற் சைவர் என்செய்தார் என்னும் வினா எழும். அதற்கும் விடை வேண்டும்.

அதற்கு விடை சொல்லத்தக்க ஒருவரைச் சைவம் பெற்றிருந்தது. அவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் வாழ்ந்த யாழ்ப்பாணம் ஸ்கட்டர் குடும்பத்திற்கும் முதற்களம். ஐடா அம்மையாரின் பாட்டனாராகிய முதல் ஜான் ஸ்கட்டர் 1819இல் இலங்கைக்கு வந்து, பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்தவர். பின்னர் வந்த சாமுவேல் கிறீன் என்பார் மானிப்பாயில் மருத்துவமனை நடாத்தி, தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழிற் பெயர்த்தார். இத்துணை வலிமையுடைய எதிர்ப்பக்கத்தை நாவலர் எதிர்கொண்ட முறை யாது? அவர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழ்ப்படுத்த உதவியவர். ஆதலின் அவர் வலிமையை உள்ளிருந்தே அறிந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சியந்திரம் கொணர்ந்தார், 1854இற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார், 1864இற் சிதம்பரத்திலும் வித்தியாசாலை கண்டார். பின் 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் பற்றியபோது, பொருளீட்டிக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அதற்கு இரண்டாண்டின்பின் 1879இல் அவர் சிவபதம் அடைந்தார்.

நாவலரைப் போற்றுவார் இன்று அவரது எழுதுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு கஞ்சித்தொட்டியைக் கீழே வைத்துவிட்டனர். கண்டனம் எழுதுதற்குப் பொருட்செலவு இல்லை. இரவில் விழித்திருத்தல் இல்லை. புண்ணின் நாற்றம் இல்லை. எளியதைப் பற்றி அரியதை நெகிழவிட்டமைக்கு நாவலர் பொறுப்பாளி அல்லர்.

மருத்துவத்தொண்டு மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்றும், திருக்கோயிலுக்கு அஃது ஒவ்வாதென்றும் கூறுவார்க்குக் கல்வெட்டே வாய்திறந்து விடை கூறும். காஞ்சிக்கு அணித்தாகிய திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, கோயிலைச் சார்ந்து நடைபெற்ற வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையை விவரிக்கின்றது. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவனும், அறுவைசெய்வானும், மருந்தும் விறகும் கொணரும் ஏவலரும், பிணியாளர்க்குப் பணிபுரியும் பெண்டிரும் இருந்தனர். ஓராண்டிற்குச் சேமிக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லிற் பொறிக்கப்பட்டன. தஞ்சையிற் குந்தவை நங்கையார் தம் தந்தையார் சுந்தரசோழர் பெயரால் ஓர் ஆதுலர்சாலை நிறுவினார். திருமுக்கூடற் கோயில் திருமாலுக்குரியது என்று உடனே எடுத்துக்காட்டுவாரும் இருப்பர். சோழர் சிவபத்தியிற் குறைந்தவர் அல்லரே! செஞ்சிக்குத் தொலைவிலல்லாத எண்ணாயிரத்தில் இராசேந்திர சோழன் காலத்திற் கோயிலைச் சார்ந்து 340 மாணவர்க்கு உணவும் உறையுளும் தந்து 14 ஆசிரியர் கற்பித்தனர். ஆகவே கோயில் நிலத்து நெல் கல்விக்கும் மருந்துக்கும் போனது உண்மை. எண்ணாயிரத்தில் உண்டு கற்றவர் வேதம் பயின்ற ஒரு வகுப்பாரே என்பதும் அதே அளவு உண்மை. பின்னையதை மறைத்து முன்னையதை முழக்குதல் தகாது. ஏனெனிற் கிறிஸ்தவ சபைகள் கால்வைத்து நடந்த இடம், கோயில் நெல் சென்றடையாத அத்தெருக்களே.

ஈண்டுச் சாதியைப் பற்றிப் பேசாது கடத்தல் இயலாது. ஆர்க்காட்டு மிஷனார் தம் சபையிற் சாதியாசாரம் கூடாதென்று முதலிலிருந்தே விதித்தனர். ஆலயப் பிரவேசம் 1939இல் மதுரையிற் தொடங்கி, 1947இற் சென்னை மாகாணச் சட்டத்தால் உறுதிப்படும்வரையில், தீண்டாதாரென ஒதுக்கப்பட்ட ஒருவன் பெருங்கோயில்களில் நந்தனார் சரித்திரத்தைக் கேட்கவேண்டுமாயினும் வெளியே நின்றே கேட்கவேண்டியிருந்தது. அவன் வாயிலுக்கு ஒருவர் வந்து, திண்ணையில் அமர்ந்து, பெயர்சொல்லி அழைத்து, பிள்ளைக்கு எழுத்தறிவித்தார் எனின், அவன் அவரைப் பின்பற்றியதற்கு அரிசி காரணம் என்று கூறுதல் அவனை இருமுறை இழிவுசெய்தலாகும்.

இதனாற் கிறிஸ்தவ சபைகள் இக்குற்றத்தினின்றும் முற்றும் நீங்கின என்பது கருத்தன்று. பழைய விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்ததும், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளதுமாகிய எறையூரில், ஒரே கோயிலில் வழிபடும் கத்தோலிக்கரிடையே சாதிபற்றி எழுந்த பூசல் 2008ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் கலகமாகி, காவற்படையினர் சுட்டதில் இருவர் மாண்டனர். கல்லறையிலும் இடம் பிரித்துவைக்கும் திருச்சபைகள் தமிழ்நாட்டில் உள. இதனைக் கேட்டுச் சைவர் மகிழ்வாராயின், விழுப்புரத்திற்கு அணித்தாகிய மேல்பாதியைச் சிறிது நினைப்பாராக. அங்கே திரௌபதியம்மன் கோயிலுட் பட்டியற் சாதியார் புகுதலைத் தடுத்தமையால் எழுந்த பிணக்கில், 2023ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அரசினர் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். எறையூரை எடுத்துக்காட்டிப் பேசும் சைவர், மேல்பாதிக்குச் சென்று இருதிறத்தாரையும் வணங்கிக் கதவைத் திறப்பித்தார் என்று கேட்கப்படவில்லை. கிறிஸ்தவர்பாற் குற்றம் காணுதற்கு ஓரளவுகோலும் தம்பாற் காணுதற்கு ஓரளவுகோலும் வைத்தல் நியாயவாதம் ஆகாது.

வெளிநாட்டுப் பொருள் அவர்க்கு வருகின்றது. சைவர்க்கு அஃதில்லை என்பதே எஞ்சிநிற்கும் விடை. பெரிய மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டார் பொருளுதவியது மெய்யே. வெளிநாட்டு நன்கொடை பற்றிய சட்டம் 2010இற் புதிதாக இயற்றப்பட்டு 2020இல் மேலும் இறுக்கப்பட்டதனால், அவ்வழி பலர்க்குக் குறுகிற்று. ஆயினும் ஊர்ப்புறச் சபையின் வலிமை அப்பொருளிலா இருக்கின்றது? ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் யார் வரவில்லை என்று நோக்கி, வராதவர் வீட்டிற்கு அன்று மாலையே ஒருவர் சென்று வினவுகின்றார். காய்ச்சலாயின் அருகிருந்து செபம் செய்கின்றார். மருத்துவமனைக்குத் துணை செல்கின்றார். மணிலாப்பயிர் அறுவடை கெட்டுச் செங்கற்சூளைக்குக் குடும்பத்தோடு போனவர் பிள்ளையின் படிப்பு நின்றதாயின், அதனை ஆசிரியரிடம் சொல்லுகின்றார். இவற்றுள் எதற்கு அமெரிக்கக் காசு வேண்டும்? கால் வேண்டும், பெயர் நினைவில் இருக்கவேண்டும்.

சைவரிடத்துப் பொருளும் இல்லாமல் இல்லை. குடமுழுக்குக்குத் திரளும் நிதி சிற்றூர்களிலும் சிறியதன்று. அறநிலையத்துறைக் கோயில்கள் பலவற்றில் 2002ஆம் ஆண்டிலிருந்து நண்பகல் அன்னதானமும் நடைபெறுகின்றது, அது போற்றத்தக்கதே. ஆனால் அன்னதானக் கூடத்திற்கு நடந்துவர இயன்றவனே அங்கே உண்பான். கால்முடங்கிக் கிடப்பவனும், பெற்று நான்கு நாளான தாயும், தொழுநோயால் விரல் மழுங்கி வெளிவர நாணுபவனும் அங்கே வாரார். தொழுநோயாளன் ஒருவனைக் கோயில் வாயிலில் அமரவைத்துக் காசிடுதலே நெடுங்காலம் தருமம் எனப்பட்டது. 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், நோயால் மடங்கிப்போன அவ்விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தலாம் என்று காட்டி, காசேந்திய கையைத் தொழில்செய்யும் கையாக்கினார். செஞ்சிக்கு வடமேற்கே சேத்துப்பட்டிலும் கத்தோலிக்கர் தொழுநோயாளர்க்கென மருத்துவமனை கண்டனர். அந்நோயாளர் சமயம் மாறினரா என்று எண்ணிப்பார்ப்போர், அதற்குமுன் அவர் கையைச் சைவர் எவரேனும் தொட்டதுண்டா என்றும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

புராணம் வல்லார் ஒருவர் ஈண்டு ஒரு தடை நிகழ்த்துதல் கூடும். தம்பியார் சூலைநோயால் வருந்தி ஆள்விடுத்து அழைத்தபோதும், திலகவதியார் அமணர் பாழிக்கு வர மறுத்தாரன்றோ? ஆதலின் சென்று காணுதலினும் வருவாரை ஏற்றலே சைவமரபு என்பது அத்தடை. அம்மையார் மறுத்தது எதிர்ச்சமயத்தார் இருக்கையுட் புகுதலை; நோயாளியை அன்று. இரவில் வந்து வீழ்ந்தவரை நாளை வருக என்று அவர் கூறிற்றிலர். மதுரைக்கோ சம்பந்தர் தாமே சென்றார். நாளும் கோளும் நன்றாயில்லை என்று அப்பர் தடுத்தும் சென்றார். அமணர் சூழ்ந்திருந்த அரண்மனையுள்ளேயே புகுந்து வேந்தன் அருகில் அமர்ந்தார். அப்பரடிகள் கையில் உழவாரம் ஏந்தி ஊர்தோறும் நடந்தது சைவர் அறியாததன்று. சமயகுரவர் நால்வரும் தம் காலத்தில் தமிழ்நாடெங்கும் நடந்தவர். அவர் திருவுருவங்களை நிலைக்களத்தில் நிறுத்தி வைத்தோர், தாமும் நிலைக்களத்திலேயே நின்றுவிட்டனர்.

செஞ்சி வல்லம் வட்டாரத்துச் சைவர் இதற்கெனப் புதிய சங்கம் காணவேண்டுவதின்று. மாநாடு கூட்டவேண்டுவதும் இன்று. திங்கள்தோறும் பிரதோஷம் இருமுறை வருகின்றது. அன்று மாலை சிற்றூர்ச் சிவன்கோயில்களிலும் கூட்டம் சேர்கின்றது. வழிபாடு முடிந்து சுண்டல் வழங்கப்படும் அவ்வேளையில், ஊரில் நோயுற்றுக் கிடப்பார் யார், பிள்ளைப்பேறு அணுகினார் யார், பள்ளிக்கு நின்றுவிட்ட சிறார் யார் என்று வினவி ஓரேட்டில் எழுதிக்கொள்ளலாம். அவ்வேட்டிற் சேரியும் இருளர் குடியிருப்பும் விடுபடலாகாது; கிறிஸ்தவர் வீடும் முஸ்லிம் வீடும் விடுபடலாகாது. மறுநாட் காலையில் இருவர் இருவராக அவ்வீடுகளுக்குச் செல்லவேண்டும். இரவில் அழைப்பு வரின் எழுந்து செல்வார் இன்னார் என்று இருவர் பெயரும், வண்டி தருவார் ஒருவர் பெயரும் கோயிற் கதவில் எழுதியிருத்தல் வேண்டும். சபைப் போதகர் அவ்வீட்டில் முன்னரே வந்திருப்பாராயின் அவரோடு பிணங்கவேண்டா. நோயாளியைத் தூக்கிவிட நால்வர் கை தேவைப்படும். திருநீறு கேட்டார்க்குக் கொடுக்கலாம்; கேளாதார்க்கு மருந்தும் கஞ்சியும் அமையும்.